புதுக் கம்ப்யூட்டர் அனுப்ப வேண்டாம்

அன்பும் மரியாதையும் கலந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உங்களை நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் சந்திக்கட்டும். முக்கியமாக நல்ல மனதோடு. ஏனென்றால் கீழே நான் எழுதப்போவது ஒரு மறுப்பு.

போன வாரம் ஃபோனில் பேசியபோது எங்களுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னீர்கள். தங்கமான மனசு. ஆனால் அனுப்ப வேண்டாம். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம்தான். நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இமெயில் அனுப்பலாமென்றால் கம்ப்யூட்டர் இப்போது முழுக்க உங்கள் அக்காவின் ஆட்சிக்குள் போய்விட்டது, நான் பக்கத்தில் போய் நின்றாலே கை ஈரமாக இருக்கிறதா என்று விசாரணை நடக்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு சுருக்கமாக எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளவும்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நீங்கள்தான் கூட வந்து வாங்கிக் கொடுத்தீர்கள். அவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். அது மட்டும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் அந்த இடுக்கிலேயே உட்கார்ந்திருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் குளிக்கப் போவேன், குளித்து, தலை துவட்டி, துண்டை உதறிக் காயப்போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் திரை மெல்லக் கண் விழிக்கும். உள்ளே இருக்கிற மின்விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்து அறையில் ஃபோன் அடித்தால் கேட்காது. இதை வைத்துக்கொண்டுதான் உங்கள் அக்கா இத்தனை வருடமாக அச்சகத்துக்குப் புரூஃப் பார்த்துக் கொடுக்கிறாள் என்றால் அவளுடைய பொறுமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இந்த முறை வந்தது கால்நடை மருத்துவம் பற்றிய பெரிய புத்தகம். தலையணை கனம். பக்கத்துக்குப் பக்கம் படம். உங்கள் அக்கா பாதிவரை திருத்தி முடித்து, மாட்டுக்கு வயிறு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சாப்பிடும்போதெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் அடம்பிடிக்க ஆரம்பித்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அடுத்த பக்கம் வராது, வந்தால் எழுத்து அடிக்க முடியாது, அடித்தால் அப்படியே உறைந்துபோய் நிற்கும். அச்சக உரிமையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் புத்தகம் வெளிவர வேண்டுமே. மாத முடிவுக்குள் வராவிட்டால் மீதியை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உங்கள் அக்கா சரி என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு மாட்டின் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு என்னவோ போல ஆகிவிட்டது.

அப்போதுதான் நான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். “அத்தான், அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க” என்றீர்கள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லாதது என் தவறுதான். உங்கள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “ஒரு பக்கம் தப்பா இருந்தா புத்தகத்தையே எரிச்சுடுவானா என் தம்பி? எந்த வரி தப்புன்னு முதல்ல பார்ப்போம்.”

பார்த்தாள், மாப்பிள்ளை. நான் எழுதுவதை நம்புங்கள். பெட்டியைத் தரையில் படுக்க வைத்து, மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த தூசியை வைத்து ஒரு குட்டித் தலையணை தைக்கலாம். அதைப் பெயிண்ட் பிரஷ்ஷால் அங்குலம் அங்குலமாகத் தட்டியெடுத்து, புரூஃப் பார்க்கிற பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த எழுத்துகளை எல்லாம் வாசித்தாள். அந்தப் பச்சைப் பலகையில் எறும்பு எழுதியது மாதிரி எழுத்து. ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு கழற்றுகிற ஸ்க்ரூக்களைப் பத்திரமாக வைத்திருப்பது. நான் அவற்றை ஒரு காபிக் கோப்பையில் போட்டு வைத்தேன். பிறகு கூடமாட உதவி செய்யலாமே என்று எச்சில் பாத்திரங்களைக் கழுவிப் போட்டேன். தொட்டிக் குழாய்க்குள் ஸ்க்ரூக்கள் இறங்கிய சத்தத்தை நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில்தான் கேட்டோம். உங்கள் அக்கா நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. “மூடி இல்லாமலும் ஓடும், விடுங்க” என்றாள்.

ரெண்டு நாள் படித்தாள், ஃபோனில் அங்கேயும் இங்கேயும் தேடினாள், கடைசியில் முடிவு சொன்னாள். மின்விசிறிக்குத் தூசிதான் வியாதி, அது போய்விட்டது. மெமரி போதவில்லை, இன்னொரு பட்டை சொருக வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது, அதற்குப் பதிலாகச் சுற்றாத புதுமாதிரி டிஸ்க் ஒன்று போட வேண்டும். மற்றதெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. பணத்துக்கு வழி? எனக்குப் பல் கட்ட எடுத்து வைத்திருந்தது ஒன்றுதான் கையில் இருந்தது. நான் இடது பக்கமாக மெல்லப் பழகிவிட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் உடனே ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை ஒன்று ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. எந்த மெமரி வேண்டுமென்று உங்கள் அக்கா தெளிவாக எழுதிக் கொடுத்துத்தான் என்னை அனுப்பினாள். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, இது பழைய ரகம் சார், அதே விலைக்கு அடுத்த ரகமே இருக்கு என்றார். பழசைக் கேட்கப் போன இடத்தில் புதுசு கிடைத்தால் யார் விடுவார்கள்? வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். அது சொருகவில்லை. அந்தப் பட்டையில் ஒரு வெட்டு இருக்குமாம், அது அந்த ரகத்தில் ஒரு இடத்திலும் இந்த ரகத்தில் வேறு இடத்திலும் இருக்குமாம். கொஞ்சம் பலமாக அழுத்தினால் போகாதா என்று கேட்டேன். அதற்கப்புறம் என்னை அந்த இடுக்குக்குள் விடவில்லை.

மறுநாள் அவளே கிளம்பினாள், நானும் பின்னாலேயே போனேன். கடைக்காரர் முகத்தை நீட்டிக்கொண்டு விற்றதை மாற்றித் தருவது கடையின் வழக்கமில்லை என்றார். நான் சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமினேன். உங்கள் அக்கா கடைக்கு வெளியே ஓரடி நகர்ந்து, தலைக்கு மேலே பார்த்தாள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படும்னுதானே எழுதியிருக்கீங்க?”

கடைக்காரர் சிரித்தார். சிரித்தபடியே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. போர்டு எழுதியவர் இடம் போதாமல் ‘படமாட்டாது’ என்பதைப் ‘படும்’ என்று அடக்கிவிட்டிருக்கிறார். அந்தப் போர்டு அங்கே தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து அதை ஒரு பிராணியும் படித்ததில்லை, கடைக்காரர் உட்பட. “இது எழுதினவன் பண்ண தப்பும்மா” என்றார் பரிதாபமாக. “திருத்துற வரைக்கும் அச்சுல இருக்கிறதுதான் கணக்கு” என்றாள் உங்கள் அக்கா. மெமரி மாறியது. டிஸ்க்கும் வாங்கினோம். கிளம்பும்போது அவர் ஒரு பிடி ஸ்க்ரூவை அள்ளி, ஏணியைத் தேடிக்கொண்டே இலவசமாகக் கொடுத்தார். எனக்கு அந்தக் கடை வாசலில் நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இனிமேல்தான் கஷ்டம். பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பாதி திருத்திய மாட்டுப் புத்தகம் முழுவதும் அந்தச் சாகக் கிடக்கிற டிஸ்க்கில்தான் இருந்தது, வேறு எங்கேயும் நகல் இல்லை. மாற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அது டக் டக் என்று நாக்கைத் தட்ட ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டது. உங்கள் அக்கா அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்க அச்சகத்துக்குப் போனாள். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்திருக்க முடியுமா? மேல்வீட்டு வங்கி அதிகாரி இருக்கிறாரே, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர், அவர் இறங்கி வந்தார். இதெல்லாம் சூட்டினால் வருவது, ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும், அவருடைய மச்சினர் ஆபீசில் அப்படித்தான் செய்தார்கள் என்றார். நான் அதைத் தக்காளிக்கும் முட்டைக்கும் நடுவில் பத்திரமாக வைத்தேன்.

உங்கள் அக்கா கேட்ட ஒரு வாரத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். நான் நாலு வார்த்தை கேட்கத் தயாராகத்தான் இருந்தேன். அவள் அதை எடுத்து, முத்து முத்தாக வேர்த்திருந்ததைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, வெயில் வருகிற ஜன்னலோரம் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்களும் பயந்துட்டீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சேர்ந்து காபி குடித்தோம்.

நன்றாகக் காய்ந்தபிறகு, மேசை மின்விசிறியை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். ஓடியது. “முதல்ல மாட்டைக் காப்பாத்துவோம். கல்யாண போட்டோவெல்லாம் அப்புறம்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு அத்தியாயமாக, குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி மாற்றினாள். மாடு வந்தது, ஆடு வந்தது, கோழி அத்தியாயத்தில் கொஞ்சம் இழுத்து அதுவும் வந்தது. கடைசியில் கல்யாணப் போட்டோக்களும் வந்துவிட்டன. மேல்வீட்டுக்காரர் இது ஃப்ரிட்ஜின் மகிமை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் அக்கா மறுக்கவில்லை. அவருக்கும் ஒரு சந்தோஷம் வேண்டுமே என்கிறாள்.

மாற்றத் தொடங்கிய அன்றைக்கே புது டிஸ்க்குக்கு வயர் இல்லை என்று தெரிந்தது. கடைக்கு ஓடவா என்று கேட்டேன். யாரும் தொடாத சி.டி. டிரைவிலிருந்து வயரை உருவி இதற்குக் கொடுத்தாள். எல்லாவற்றையும் மாற்றி முடித்து உள்ளே பொருத்தப் பார்த்தால் புது டிஸ்க் சின்னது, பழைய இடத்தில் ஆடியது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஒட்டிவிட்டாள். கடைசியாகப் புது மெமரியையும் சொருகி சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு, நீள நீளமாகக் கூவல். அப்போதுதான் போன வாரம் உங்களுக்கு ஃபோன் செய்தது. மீட்டிங் நடுவிலும் எடுத்து, மெமரியை இன்னும் அழுத்துங்கள், இரண்டு முனையும் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் அக்கா, “என் தம்பி படிச்சது வீண் போகல” என்றாள். அதே மூச்சில் நீங்கள் புதுக் கம்ப்யூட்டர் பற்றியும் பேசியதை மட்டும் அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பூட்டிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். நான் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிட்டேன். குளியலறைக் கதவில் கை வைப்பதற்குள், “வந்துடுச்சு, திரும்பி வாங்க” என்று குரல் வந்தது. சத்தமே இல்லை, மாப்பிள்ளை. மின்விசிறி சுற்றுகிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அவள் மாட்டுப் புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கம் வரை கடகடவென்று ஓட்டிக் காட்டினாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

புத்தகம் கெடு தவறாமல் முடிந்தது. அச்சக உரிமையாளர் அடுத்த புத்தகத்தையும் கையோடு கொடுத்துவிட்டார், இந்த முறை தேனீக்கள். இத்தனை வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், அவள் பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று தெரியும், என் பிழைகளையே போதுமான அளவு கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் கண்டுபிடித்த பிழையோடு பக்கத்தில் உட்கார்ந்து, கோபப்படாமல், அதைச் சரிசெய்கிற வரை எழுந்திருக்காத அந்தக் குணத்தை இந்தப் பெட்டியைத் திறந்தபிறகுதான் முழுசாகப் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், புதியது வேண்டாம். புதியது வந்தால் அவள் செய்ததற்கு மரியாதை குறைந்துவிடும். அந்தப் பணத்தைக் குழந்தைகள் பேரில் போட்டு வையுங்கள். இது என் உறுதியான முடிவு, இதில் மாற்றமில்லை.

தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல்லவும். குழந்தைகள் கண் கெடாமல், முதுகு வளையாமல், நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும் வளர எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசீர்வாதம். உங்கள் மீட்டிங்குகள் எல்லாம் சீக்கிரம் முடியட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
அத்தான்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போடுகிற நேரத்தில் உங்கள் பார்சல் வந்துவிட்டது. எங்கள் பதிலைக் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கொண்டுவந்தவரைப் பிடிக்கத் தெருமுனை வரை ஓடினேன், கிடைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பார்சல் மட்டுமல்ல, உள்ளே இருந்த புதுக் கம்ப்யூட்டரின் முதுகும் திறந்திருக்கிறது, உங்கள் அக்கா பூதக்கண்ணாடியோடு குனிந்திருக்கிறாள். ‘திறந்தால் உத்தரவாதம் செல்லாது’ என்ற ஸ்டிக்கர் அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே திருப்பி அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லை. மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகக் கருதவும். உள்ளே எல்லாம் ஒட்டிப் பற்றவைத்துவிட்டார்களாம், கழற்றி மாற்ற ஒன்றுமே இல்லையாம், அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, நானே வைத்துக்கொள்கிறேன், மிக்க நன்றி. உங்கள் அக்கா இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள்: உங்கள் வீட்டில் பழையது, ஓடாதது ஏதாவது சும்மா கிடந்தால் அடுத்த பார்சலில் அனுப்பவும்.