லைவ்காரரின் இடது காது

நம் கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. பெயர், லைவ் நிருபர். கண்டுபிடிப்பது சுலபம். மைதானத்தில் ஊரே ஆட்டத்தைப் பார்த்து நிற்கும். ஒருத்தர் மட்டும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, நீட்டிய கையில் போனோடு நிற்பார். அவர்தான்.

நம்ம லிங்கேஸ்வரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பள்ளத்தாக்கு ஸ்போர்ட்ஸ்' என்ற முகநூல் பக்கத்துக்கு ஆசிரியர், நிருபர், கேமராமேன் எல்லாம் அவரே. விளம்பரம் பிடிக்காத மனிதர், அதனால் தன் முகத்தை மட்டும்தான் காட்டுவார். டாஸ் போடுவதற்கு முன்னால் 'பரபரப்பு' என்று ஒரு பதிவு, போட்ட பிறகு 'உச்சகட்டப் பரபரப்பு' என்று ஒரு பதிவு, நடுவர் மூக்கைச் சிந்தினால் 'பிரேக்கிங்', இடையிடையே "ஷேர் பண்ணுங்க சொந்தங்களே" என்று ஒரு கும்பிடு. ஆட்டமா? அது பின்னால் எங்கேயோ நடந்துகொண்டிருக்கும்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டால், உலகமே என்பார். கமெண்ட் போடுவது அவர் மனைவி ஜோதிலட்சுமி மட்டும்: "வரும்போது சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க."

போன மாசம் அனுமந்தன்பட்டியில் கபடி. உள்ளூர் அணியும் சுருளிப்பட்டியும் சமபுள்ளி. ஜெயிப்பவர்கள்தான் மாவட்டப் போட்டிக்குப் போக முடியும். சுருளிப்பட்டி வேல்பாண்டி கடைசியாகப் பாடிப் போனார். ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகையில் எதிரணி மொத்தமும் பலாப்பழத்தில் ஈ மொய்த்த மாதிரி அவர்மேல் விழ, அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தது. விரல் கோட்டைத் தொட்டதா? நடுவர் ராக்கையா கண்ணில் புழுதி.

"தொட்டுட்டேன்ணே," என்றார் வேல்பாண்டி.

"கனவுல தொட்டிருப்ப," என்றார் உள்ளூர் கேப்டன் ஈஸ்வரபாண்டி.

சட்டைகள் கிழிய இருந்த நேரத்தில் ராக்கையா கையைத் தூக்கினார். "ஏலே, சும்மா இருங்கப்பா. அங்கன லைவ்காரவுக படம் பிடிச்சிருக்காகல்ல. அதப் பாத்துச் சொல்லிருவோம்."

லிங்கேஸ்வரன் பிறந்ததே இந்த நிமிஷத்துக்காகத்தான். நெஞ்சு ரெண்டு முழம் விரியப் போனை நீட்டினார். இரண்டு ஊரும் ஒரு போனுக்குள் தலையை விட்டன. "வாழ்வா சாவா சொந்தங்களே" என்று அவர் முகம். தோளுக்குப் பின்னால் புழுதி, குவியல், ஊர்ந்து வரும் கை. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது குறுக்கே வந்தது அவருடைய இடது காது. சாதாரணக் காதா அது? கம்பத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றையே மறைக்கும் காது. அது விலகியபோது எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேல்பாண்டி போனைப் பார்த்துக் கெஞ்சினார். "அந்தக் காதக் கொஞ்சம் தள்ளி வைங்கண்ணே."

வேறு வழியில்லாமல், மறுபடி ஒரே ஒரு தடவை பாடிப் போகலாம் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். லைவ்காரரின் போனை மட்டும் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேல்பாண்டி போனார், தொட்டார், இரண்டு பேர் தலைக்கு மேலே தாவித் திரும்பிவிட்டார். சுருளிப்பட்டி ஜெயித்தது. ஊரே பார்த்தது. லிங்கேஸ்வரனும் வாயைப் பிளந்து பார்த்தார்.

"கபடி இம்புட்டு நல்லாவா இருக்கும்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்று சாயங்காலமே யாரோ அந்தக் காதை மட்டும் வெட்டிப் போட, போடியிலிருந்து குமுளி வரைக்கும் அதுதான் ஓடியது. ஜோதிலட்சுமியும் கமெண்ட் போட்டார்: "காதக் கழுவுங்கன்னு எத்தன தடவ சொல்றது."

அடுத்த ஆட்டத்துக்கு லிங்கேஸ்வரன் சீக்கிரமே வந்துவிட்டார். ஆட்டத்துக்கு அதே முதுகு. இடது காதில் மட்டும் பளபளவென்று ஒரு புதுக் கடுக்கன்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த அன்று நீங்கள் எடுத்த வீடியோவைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பிள்ளை தெரிகிறதா? குறுக்கே நிற்கிற காது யாருடையது?