விசில் அக்காவும் மீசை இன்ஸ்பெக்டரும்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? அடுத்த வீட்டுக்காரி கதை என்றால் மட்டும் காது இரண்டு முழம் நீண்டுவிடுகிறது. வெட்கமாக இல்லை? சரி, கேட்டுத் தொலையுங்கள். சம்பந்தப்பட்ட பெண்ணே கல்யாணம் முடிந்து, "இனிமே சொல்லுங்க பாட்டி, சிரிக்கட்டும்" என்று உத்தரவு கொடுத்துவிட்டதால்தான் வாயைத் திறக்கிறேன்.

எங்கள் ஊர் புலாவ் செபாங்கில் ரயிலுக்கே வழிவிடாத ஒரே மனுஷி எங்கள் விசில் அக்காதான். முப்பது வருஷம் மாத்தா வேலை, அதுதான் போலீஸ் வேலை பார்த்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவள். என்னைவிட ஆறு வயது சின்னவள். இருந்தும் நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். எங்கள் இரண்டு வீட்டிலும் தங்கச்சியே கிடையாது. கழுத்தில் எப்போதும் பழைய விசில் ஒன்று தொங்கும். தாலியைக் கழற்றி வைத்தாலும் வைப்பாள், அதைக் கழற்ற மாட்டாள்.

அப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் ஒரு போலீஸ் நாடகம் வரும். மீசை வைத்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அவருக்குக் கீழே ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அவள் சட்டையைப் பார்த்தால் அவளுடைய தங்கச்சிக்குத் தைத்தது போலிருக்கும். திருடனைத் துரத்தினால் அவளுக்கு மட்டும் இடுப்பு சுளுக்கும், மீசை வந்து தூக்கிக்கொள்வார். கொலை நடந்த இடத்தில் பிணத்தை ஒரு நிமிடம் காட்டினால் அவள் இடுப்பை ஐந்து நிமிடம் காட்டுவார்கள்.

"அந்த சப்பாத்த போட்டுக்கிட்டு எவக்கா ஓடுவா? குச்சி மாதிரி ஹீல்ஸ்!" என்று அக்கா கத்துவாள். "கேஸ எழுதுறது அவ, காப்பி கலக்குறதும் அவ. பதக்கம் மட்டும் மீசைக்கா?"

கத்துவதோடு விட்டால் பரவாயில்லை. கட்டிப்பிடிக்கிற காட்சி வந்தால், வாசலுக்கு வந்து பீ... என்று விசில் அடிப்பாள். எங்கள் குடியிருப்பு, அந்தத் தாமான் முழுக்க வரிசை வீடுகள், எல்லா வீட்டிலும் கேட்கும். பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், ஆம்பளைகள் தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

நடந்தது வேறு. கார் கழுவிக்கொண்டிருந்தவன், பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தவன் எல்லாம் விசில் கேட்டதும் ஓடிப்போய் அந்தச் சேனலைப் போடுவார்கள். முழு நாடகத்தையும் பார்க்கும் பாடு மிச்சம்! அக்கா தடை போடுவதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு அழைப்பு வைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அந்த வருஷத்தில் வேகமாக நடந்தது அந்த விசிலுக்கு மட்டும்தான். மூட்டுவலிக்கு நல்லது என்று நானும் அக்காவிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அந்த நாடகத்தில் நடிக்கத்தான் பின்வரிசை வீட்டு நீலாவைக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வயது, சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். நடிப்பென்றால் உயிர். ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அம்மா கோயில் ஐயர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுக்க நீலா அக்காவை அழைத்துக்கொண்டாள். ஷூட்டிங் கிளேபாங் கடற்கரையில். அங்கே தேங்காய் ஷேக் நன்றாக இருக்கும், அதனால் நானும் போனேன்.

போனால் தண்ணீர் லாரி ஒன்று நிற்கிறது. தொப்பியைத் திருப்பிப் போட்ட டைரக்டர் தம்பி, நீலா கையில் ஒரு மெல்லிய வெள்ளைச் சட்டையைக் கொடுத்தான்.

"சிஸ்டர், சின்ன சேஞ்ச்தான் லா. மழையில ஓடி வர்றீங்க, வழுக்குறீங்க, இன்ஸ்பெக்டர் சார் இடுப்ப புடிக்கிறாரு. அவ்ளோதான்."

"கவுண்டர்ல டயலாக்னு சொன்னீங்களே அண்ணே?"

"டயலாக்க யாரு கேக்குறா? முடியலன்னா சொல்லுங்க, வெளிய பத்து பேரு நிக்குறாங்க."

நீலா சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் போட்டுக்கொள்ளவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இது டிவியில் வரும், அக்கா விசில் அடிப்பாள், தாமான் ஆம்பளைகள் அத்தனை பேரும் ஓடிவருவார்கள். நாங்கள் தூக்கி வளர்த்த நீலாவைப் பார்க்க! கையில் இருந்த ஷேக்கை மணலில் வைத்தேன். விசில் சங்கதி முழுவதையும் அக்கா காதில் போட்டு உடைத்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, லாக்கப்பில் போடாத குறைதான். "இத்தன நாளா சொல்லாம சிரிச்சிக்கிட்டா இருந்த?" என்றாள். விசிலைக் கழற்றி என் கையில் திணித்தாள். நேராக லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, யாரு நீங்க?" என்றான் டைரக்டர்.

"சார்ஜன். முப்பது வருஷம் மழையிலயும் வெள்ளத்துலயும் நனஞ்சவ. ஒரு இன்ஸ்பெக்டரும் வந்து இடுப்ப புடிக்கல தம்பி, 'ரிப்போர்ட் எங்க'ன்னுதான் கேட்டாங்க. மாத்தா நனையணும், அவ்ளோதானே? நா நனையறேன். எடு!" லாரிக்கார மலாய்ப் பெரியவர் பாக்சிக்கைப் பார்த்து, "புக்கா!" என்று திறக்கச் சொல்லி ஒரு அதட்டல்.

சார்ஜன் குரலைக் கேட்டுப் பழகிய மனுஷர் போலிருக்கிறது. டைரக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அக்கா ஓடினாள். அந்த உடம்புக்கு அது ஓட்டம்தான். வழுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் வழுக்கினாள். குறுக்கே நின்ற மீசை இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். எண்பது கிலோ! இரண்டு பேரும் மணலில். மீசையில் பாதி அக்கா தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அலாமாக்! என் இடுப்பு!" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த நாடகத்தில் முதல் தடவையாக ஆம்பளை இடுப்பு சுளுக்கியது.

லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மீசையால் நிமிர முடியவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே ஒரு மேசையைப் போட்டுக் கவுண்டர் காட்சியை எடுத்தார்கள். "ஐ.சி. எடுத்துட்டு வந்தீங்களா?" என்று நீலா கேட்டாள் பாருங்கள், சும்மா நின்ற நானே அடையாள அட்டைக்காக என் பையைத் துழாவினேன்.

திரும்பும்போது காரில் அக்கா என் சாரோங்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். "அக்கா, இது தாமானுக்குப் போகக்கூடாது. நனையச் சொன்னவன யாரும் பேசமாட்டாங்க. நனையாத புள்ளயத்தான் பேசுவாங்க." அவ்வளவுதான் சொன்னாள். பின்சீட்டில் நீலா சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள்.

அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். தாமானே ரசமும் கஞ்சியுமாக வந்துவிட்டது. வாசலிலேயே நான் மறித்துக்கொண்டேன்.

"எப்படி பாட்டி திடீர்னு காச்சல்?"

"மழையில நனஞ்சுட்டா."

"மூணு வாரமா ஒரு சொட்டு மழ இல்லையே?"

"அவளுக்கு மட்டும் பெஞ்சுச்சு. அப்படிப்பட்டவளுக்கு பெய்யாம வேற யாருக்கு பெய்யும்? கஞ்சிய வச்சிட்டுப் போங்க."