கொரியா கேட்ட ரிவ்யூ

உலகத்துச் சண்டைகள் அத்தனையையும் வீடியோவை ஓட்டிப் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று நம்பும் ஒரே மனிதர் திருச்சி கே.கே. நகரில், என் எதிர்வீட்டில் வசிக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே பயன்படுகிறது. தெருவுக்கு அவர் 'கொரியா'.

பாலக்கரையில் பைக் உதிரிபாகக் கடை. கல்லூரி நாளில் வாலிபால் ஆடியவர். சில வருடங்களுக்கு முன் போனில் கிளட்ச் கேபிள் பற்றி ஏதோ தேடப் போய், தென்கொரியாவின் ஆண்கள் தொழில்முறை வாலிபாலில் தடுக்கி விழுந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை. அங்குள்ள கிளப் ஒன்றைத் தன் அணியாக வரித்துக்கொண்டார். அதன் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அவர் அதை நாளுக்கொரு விதமாக உச்சரிப்பதுதான்.

அங்கே மாலை ஆட்டம் என்றால் இங்கே பிற்பகல். ஐப்பசி முதல் பங்குனி வரை, அந்த அணி ஆடும் நாட்களில் கடை ஷட்டர் பாதி இறங்கிவிடும். பிரேக் ஷூ கேட்டு வருபவர்களை, "இன்னும் ஒரு செட்டுதாங்க, உக்காருங்க" என்று ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார். பிரேக் இல்லாமல் வந்தவர்கள் வேறு எங்கே போக முடியும்?

ஆட்டத்தைவிட அவரைப் பிடித்து ஆட்டியது ஒரு விதி. நடுவர் தீர்ப்பு தவறு என்று பயிற்சியாளருக்குத் தோன்றினால், விரல்களால் காற்றில் ஒரு செவ்வகம் வரைவார். உடனே வீடியோவை ஓட்டிப் பார்ப்பார்கள்; அதுதான் ரிவ்யூ. முறையீடு சரியென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே நிற்கும். தவறென்றால் போயிற்று. வருவாய்த் துறையில் மேல்முறையீட்டு மனுக்களோடு வயதானவன் நான். இவ்வளவு சீக்கிரம் முடியும் மேல்முறையீட்டைக் கேள்விப்பட்டதில்லை, முறைப்படி சந்தேகப்பட்டேன்.

கொரியா சந்தேகப்படவில்லை. விதியைத் தன் குடும்பத்துக்கும், பிறகு நகரத்துக்கும் நீட்டித்தார். தினம் ஒரு ரிவ்யூ. தோற்றால் அன்று முழுக்க யார் என்ன சொன்னாலும் வாதாடக் கூடாது.

ஒருமுறை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பேருந்தில் ஒரு அம்மாளின் காலை யாரோ மிதித்துவிட்டார்கள். அந்த அம்மாள் கொரியாவை முறைத்தார். கொரியா காற்றில் செவ்வகம் வரைந்தார்.

"டிரைவர் தம்பி, உள்ள கேமரா இருக்குல்ல? கொஞ்சம் ஓட்டிப் பாருங்க."

"முதல்ல பஸ்ஸ ஓட்டறேன் சார், அப்புறம் அதை ஓட்டறேன்" என்றார் டிரைவர்.

தன் வீட்டு வாசலிலும் கூடத்திலும் கேமரா மாட்டினார். அடுக்களையிலும் மாட்டப் போனபோது மனைவி கரண்டியோடு வாசலில் நின்றார். "உள்ள வந்தா ரிவ்யூ கிடையாது, சோறும் கிடையாது." அன்றிலிருந்து சாம்பாரில் உப்பு விஷயத்தில் நடுவர் தீர்ப்பே இறுதியானது.

தெருமுனை வீட்டுக்காரர் இந்த விதியை நன்றாகப் படித்தவர். காலையிலேயே வருவார். "என்னங்க, நேத்து உங்க வீட்டுத் தண்ணிதானே தெருவுல ஓடுச்சு?" கொரியா செவ்வகம் வரைவார். வாசல் கேமராவில் கொரியா வீட்டுத் தண்ணீர் காவிரி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ரிவ்யூ காலி. பிறகு முனைவீட்டுக் கார் நாள் முழுக்கக் கொரியாவின் கேட்டை அடைத்து நிற்கும். கொரியா அதைப் பார்த்துக் கொரியர்கள் மாதிரி இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, சந்து வழியாக நடந்து போவார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தம் நெருங்குகிறது. மாப்பிள்ளையின் அத்தை மண்டபத்துக்கு வெளியே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"வாசல்ல வாங்கன்னு கூப்பிட நாதியில்ல. ஒரு சந்தனம் கிடையாது, கல்கண்டு கிடையாது. நான் புதுக்கோட்டைக்கே போறேன்."

மாப்பிள்ளையின் அப்பா அந்த அம்மாளின் தம்பி. "எங்க அக்கா இல்லாம என் பையன் மணையில உக்கார மாட்டானுங்க" என்றார். மணமேடையில் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தால் அல்ல. நாதஸ்வரக்காரர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். வரவேற்பில் தட்டோடு நின்ற கொரியாவின் மைத்துனி, "நான் குடுத்தேங்க மாமா" என்று அழ ஆரம்பித்தார்.

கொரியா கூட்டத்தின் நடுவே வந்து செவ்வகம் வரைந்தார்.

வாசலில் வீடியோ எடுத்தவரை அழைத்துக்கொண்டு கொரியாவும் நானும் அறைக்குள் போனோம். தங்கள் சார்பிலும் நானே பார்த்துச் சொல்ல மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்கள். "சார் கவர்மெண்ட்ல இருந்தவரு, பொய் சொல்ல மாட்டாரு" என்றார் ஒருவர். இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கு விளங்கவில்லை, மறுக்கவும் இல்லை.

சின்னத் திரையில் எல்லாம் துல்லியமாக இருந்தது. அத்தை வருகிறார். சந்தனம் பூசிக்கொள்கிறார். குங்குமம் இட்டுக்கொள்கிறார். கல்கண்டைக் கைநிறைய அள்ளிப் பர்ஸில் போடுகிறார். இரண்டடி போனவர் திரும்பி வந்து இன்னொரு கை அள்ளுகிறார்.

"தெளிவான கேஸ். வாங்க, போய்ச் சொல்லிடலாம்" என்று எழுந்தேன்.

கொரியா என் கையைப் பிடித்தார். "சார், நீங்க எதுவும் பேசக் கூடாது." வீடியோக்காரரிடம், "இந்தத் துண்டை வெட்டிடுங்க தம்பி" என்றார்.

வெளியே போனார். காருக்கு எதிரே நின்று வலது கையை மேலே தூக்கினார். பந்து தங்கள் விரலில் உரசியதை நடுவர் பார்க்காதபோது, கொரியாவின் அணி ஆட்டக்காரர்கள் சிலர் தாங்களாகவே அப்படிக் கை தூக்குவதுண்டாம்.

"பார்த்துட்டோங்க. தப்பு எங்க பக்கந்தான். மன்னிச்சுக்கங்க" என்று வணங்கினார்.

காருக்குள் அத்தை பர்ஸை மடியில் இறுக்கிக்கொண்டார். என்ன நடந்தது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா? கதவு மெல்லத் திறந்தது. "சரி, விடுங்க. பொண்ணு வீடுன்னா ஆயிரம் வேலை இருக்கும்" என்று கீழே பார்த்தபடி இறங்கினார். தாலி கட்டியது முதல் பந்தி முடியும்வரை மணப்பெண்ணை விட்டு நகரவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்ததும், வேர்த்த முகத்துக்கு விசிறியதும் அவர்தான்.

ரிவ்யூவை இழந்த கொரியாவை மற்றவர்கள் சும்மா விடவில்லை. ஏசி ஓடவில்லை, பாயசத்தில் முந்திரி இல்லை, ரசம் ஆறிவிட்டது. எல்லாவற்றுக்கும் அவர் வணங்கிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பதிவுல உள்ளதுக்கு நேர்மாறா தீர்ப்புச் சொல்லியிருக்கீங்க. எந்த நடைமுறையிலயும் இதுக்கு இடமில்லை" என்றேன்.

"ஜெயிச்சுட்டு அவங்கள எப்படி சார் வாங்க சம்பந்தின்னு கூப்பிடறது? நாளைலேர்ந்து எம்பொண்ணு அவங்க டீம்லல்ல ஆடணும்."

மகள் புதுக்கோட்டைக்குப் போன பிறகு எதிர்வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. போன வாரம் கடை விடுமுறையன்று, அவர் வீட்டில் நானும் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தில் அந்த அணி தோற்றது. ஆட்டக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்த கொரியா, "கிளம்பறீங்களா சார்?" என்றார்.

"இன்னொரு செட் இருக்கும்ல, பார்த்துட்டுப் போறேன்" என்றேன். ஆட்டம் முடிந்தது எனக்குத் தெரியவில்லை என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும்.