பலெர்மோப் பிசாசின் கடைசிக் குஸ்தி

உலகத்திலேயே அதிக தடவை தோற்ற மனிதருக்கு நான் பலெர்மோவில் சூப் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். இதை மறுப்பவர்கள் தங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எங்கள் ஆள் ஒரே நிமிடத்தில் அவனிடமும் தோற்றுக் காட்டியிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஜெர்மனியில் கோப்பை கழுவி, அங்கிருந்து துரத்தப்பட்டு, தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில் படுத்தபடி சிசிலிக்கு வந்து சேர்ந்திருந்தேன். பலெர்மோவின் லிபெர்த்தா பகுதியில், பணக்கார வீடொன்றில், தனியாக இருக்கும் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கிழவர் என்றதும் ஒரு நோஞ்சானை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவர் கதவைவிட அகலமாக இருந்தார்.

சிசிலியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். இருபத்தைந்து வருடம் அங்கே மேடையேறி மல்யுத்தம் செய்தவர். சுவரொட்டிகளில் அவர் பெயர் 'பலெர்மோப் பிசாசு'. ஆனால் பலெர்மோவை அவர் முதன்முதலாகக் கண்டதே ஓய்வுபெற்று வந்த பிறகுதான். இங்கே தெருக்காரர்கள் அவரை 'அமெரிக்கன்' என்றார்கள். எங்கள் தமிழ்ச் சனம் 'சண்டியர்' என்றது. சொந்தப் பெயர் நினைவிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கோப்பை சூப் கேட்டார்.

பிசாசின் வேலை தோற்பது. யார் வெல்வது என்று முதலிலேயே முடிவாகியிருக்கும். அழகான பையன் வெல்ல வேண்டும், பிசாசு அலறிக்கொண்டு பறந்து விழ வேண்டும். அவர் பேசியது இங்கிலீசும் சிசிலியனும் சேர்ந்த ஒரு கூழ். எனக்கு விளங்கியதை எங்கள் பாஷையிலேயே தருகிறேன்.

"ஒருநாளாவது வெண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"வெல்லுறது லேசு. சும்மா நிண்டாலே காணும். விழுறதெல்லோ தொழில்! என்னோடை மோதின ஒருத்தனுக்கும் ஒரு பல்லுக்கூட ஆடேல்லை, தெரியுமோ?"

தொழிலை அவர் விட்டாலும் தொழில் அவரை விடவில்லை. ஒருநாள் கபோ சந்தையில் மீன்காரன் கூடையோடு அவர் தோளில் லேசாக உரசிவிட்டான். சண்டியர் சிங்கம்போல உறுமி, இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் கல்தரையில் பளாரென்று அடித்து, கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே மல்லாந்தார். உறுமலும் உள்ளங்கையும்தான் அடையாளம். அவை இருந்தால் நடிப்பு. ஒரு கீறலும் இருக்காது. இது எனக்குத் தெரியும், மீன்காரனுக்குத் தெரியாது. அவன் மாதாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தான். சண்டியர் எழுந்து கூட்டத்துக்கு முத்தங்களைப் பறக்கவிட்டார்.

அடுத்தது மாதா கோயில். ஞாயிறு பூசையில் பக்கத்தவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம். எங்கள் மேல்மாடி வீட்டில் வேலை செய்த மன்னார் ரெஜினா அக்கா முன்வரிசையிலிருந்து திரும்பிக் கையை நீட்டினார். அக்கா நாலரை அடி உயரம். சண்டியர் அந்தக் கையைத் தொட்டதும் உறுமிக்கொண்டு, உட்காரும் வாங்குக்கு மேலால் புரண்டு, பின்வரிசையில் போய் இறங்கினார்.

"மாதா சத்தியமா நான் தள்ளேல்லை, சுவாமி!" என்று அக்கா பீடத்தைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன்ரை சண்டியனுக்கு இனி நான் வாசலிலை நிண்டுதான் சமாதானம் சொல்லுவன்!"

இரண்டு செய்தியும் சண்டியருடைய அண்ணன் மகளின் காதுக்குப் போயின. என்னை வேலைக்கு வைத்த சின்யோரா அவர்தான்.

"சித்தப்பா இன்னும் ஒருக்கா விழுந்தாரெண்டால் கன்னியாஸ்திரியளின்ரை முதியோர் இல்லம்தான்," என்றார்.

சண்டியர் அங்கே போனால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அதற்குத் தேவையான கடிதத்தில் கையெழுத்துப் போடச் சின்யோரா அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தார்.

"ஞாயிறு மட்டும் விழுந்து துலையாதேங்கோ, ஐயா," என்று கெஞ்சினேன்.

"ஆரும் தொடாட்டில் நான் ஏன் விழுறன்? நீ தூர நில்."

ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. சண்டியர் கோட்டும் டையுமாகக் கதவைத் திறக்கப் போனார். வீட்டு நடையின் நடுவில் அவர் முழங்கால் மடிந்தது. உறுமல் இல்லை. உள்ளங்கை எழவில்லை. மனிதர் உண்மையாகவே விழுகிறார். உண்மையாக விழுந்து அவருக்குப் பழக்கமே இல்லை.

கையிலிருந்த தட்டை எறிந்துவிட்டு அவருக்குக் கீழே பாய்ந்தேன். நூற்றுப்பத்துக் கிலோவும் என் மேல் வந்து இறங்கியது. அதே நேரம் வாசல் பூட்டில் சின்யோராவின் சாவி திரும்பியது.

நான் உறுமினேன். உள்ளங்கையால் தரையில் அடித்தேன். "விடுங்கோ ஐயா, விடுங்கோ! ஊனோ! துவே! த்ரே! நான் தோத்துப்போனன்!" என்று மேடை நடுவர்போல மூன்றுவரைக்கும் என் தோல்வியை நானே எண்ணி முடித்தேன்.

சின்யோரா கேக் பெட்டியோடு வாசலில் உறைந்து நின்றார்.

"சித்தப்பா! உந்த எலும்பனைக் கொல்லப் போறியளே? எழும்புங்கோ!"

சண்டியர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். என் தோளை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் என்னை இன்னொரு தடவை அமுக்குவதுபோலத்தான் இருந்திருக்கும். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். இருபத்தைந்து வருடமும் எதிராளிகள் செய்ததைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கியிருக்க வேண்டும். அவ்வளவு அழகாகச் செய்தார்.

சின்யோரா எனக்கு இரங்கிக் கடிதத்தில் இரண்டு நல்ல வரிகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கையெழுத்திட்டார். கேக்கிலும் பெரிய துண்டு எனக்குத்தான்.

அவர் போன பிறகு சண்டியர் சமையலறைக்கு வந்தார். "முதலே முடிவு செய்ததோ?"

"இல்லை ஐயா. நீங்கள் வெண்டனீங்கள்."

தொழில் தெரிந்த மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் கபோவில் மீன்காரனிடம் வெற்றிக் கதையை ஆரம்பித்தார். நான் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோற்றவன் வலியைக் காட்டாவிட்டால் வென்றவனுக்கு என்ன மரியாதை? திரும்பும்போது நன்றாக நொண்டினேன்.

"மெதுவா நட, உனக்கு நோகும்," என்று என் தோளில் கைவைத்தார். முழங்காலின் பாரம் முழுவதையும் அந்தக் கைவழியே என் மேல் இறக்கினார். சந்தை என் காலைத்தான் பார்த்தது.

ரெஜினா அக்காவின் கண்ணில் மட்டும் மண்ணைத் தூவ முடியவில்லை. "தம்பி, நேற்று மற்றக் காலெல்லோ நொண்டினனீ?" என்று ஒருநாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டார். நான் சண்டியரைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். என் தோளில் இருந்த கையைப் பார்த்தார். விலகி வழிவிட்டார்.

அதற்குப் பிறகு சண்டியர் விழவே இல்லை. அவர் இருந்தவரைக்கும் நானும் நொண்டிக்கொண்டுதான் நடந்தேன்.