உங்களைக் கெண்டை மீன் என்று சொன்னது பற்றி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், என் பொறுப்பிலுள்ள மீன் ஜாடிகளும், பஞ்சடைத்த பறவைகளும் நலம். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் தொண்டையைச் செருமுவதிலிருந்து தாங்களும் நலம் என்று அறிந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்க வேண்டாம். கதவைத் திறக்க மாட்டேன் என்பவர் நீங்கள்தான்.

நேற்று எங்கள் கல்லூரி உயிரினக் கூடத்துக்கு ஆய்வு அதிகாரியாக நீங்களே வருவீர்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிட்டு என்னைப் பழைய கோப்பு அறைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக நீந்துவது கீழ்த்தட்டு, பறப்பது மேல்தட்டு என்று அடுக்கியிருந்தேன். புதிதாக வந்த பேராசிரியை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிடக் கழுகுதாங்க நெருங்கின சொந்தம். கெண்டையோட வழி முன்னாடியே பிரிஞ்சு போச்சு" என்றார். துடுப்பு இருக்கிறது, வால் இருக்கிறது, இது கழுகுக்குப் பங்காளியா என்று எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆனாலும் வேலை முக்கியமாயிற்றே, ஏணி போட்டு நுரையீரல் மீன் ஜாடியைக் கழுகின் பக்கத்தில் ஏற்றினேன், ஏற்றும்போது முழங்கை பட்டுக் கழுகு சாய்ந்தது, நிமிர்த்தினால் வயிற்றிலிருந்து பஞ்சு கொட்டியது, பஞ்சைத் திணிப்பதற்குள் மாணவர்கள் வந்துவிட்டார்கள், ஒரு பெண் "கழுகு பக்கத்துல எதுக்கு மீனு, புரியலை சார்" என்றாள்.

அப்போதுதான் என் வாயில் சனி உட்கார்ந்தது. "என்னை நுரையீரல் மீன்னு வச்சுக்கோங்க. எங்க மாப்பிள்ளை கெண்டை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி தொப்பை. பாக்கிறவங்க அண்ணன் தம்பின்னுதான் நினைப்பாங்க. ஆனா அவர் எங்க தங்கச்சியைக் கட்டி வந்து ஒட்டிக்கிட்டவர். ஊர் ஊரா பறந்துக்கிட்டு எட்டியே பாக்காத எங்க அண்ணன்தான் ரத்த சொந்தம். அவர்தான் கழுகு!"

மாணவர்கள் தேவைக்கு மேல் சிரித்தார்கள். திரும்பினால், கையில் கோப்பும் தலையில் பஞ்சுமாக நீங்கள். "மேல சொல்லுங்க மச்சான், கெண்டை கேட்டுக்கிட்டுதான் இருக்கு" என்றீர்கள். கையெழுத்துப் போடாமலே கிளம்பியும் விட்டீர்கள்.

மாப்பிள்ளை, கெண்டை ஒன்றும் மட்டமான மீன் அல்ல. அண்ணனைக் கழுகு என்றதும் புகழ்ச்சி அல்ல, வந்தால் வீட்டில் இருப்பதில் நல்லதாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகிறவர் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அறிவியலை என்னால் மாற்ற முடியாதே! கோப்பு அறைக்குப் போனால் தூசியிலேயே நான் செத்துப்போவேன். பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. மன்னித்துவிடுங்கள். என் தங்கையிடமும் சொல்லுங்கள், நேற்றிலிருந்து எனக்குத் தட்டு வைக்கவில்லை.

இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பசியோடு உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பேராசிரியை போன் செய்தார். ஜாடியைத் திறந்து பார்த்தாராம். உள்ளே இருப்பது நுரையீரல் மீனே இல்லை, விலாங்கு. இத்தனை வருடமும் நான் ஜாடியின் மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டைத்தான் துடைத்தேன், உள்ளே பார்க்கவில்லை. விலாங்குக்குக் கழுகு தூரத்துச் சொந்தமாம், கெண்டைதான் நெருங்கியதாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நீங்களும் நானும்தான் ஒரே ரத்தம், அண்ணன் யாரோ. ஜாடி விஷயம் சொந்தத்துக்குள்ளேயே இருக்கட்டும். கையெழுத்தைப் போட்டு, கோப்பைக் கதவுக்கு அடியிலேயே தள்ளிவிடுங்கள்.