செடிக்காக ஊரைக் கிளப்பியவன்

பெண் பார்க்கப் போன வீட்டில் அளக்கக் கூடாது. நான் அளந்தேன். "கோட்டையில் துபாஷி வேலை. ஒல்லாந்துப் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு" என்று ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவில் சொல்லி வைத்தேன். (தெரிந்ததெல்லாம் சிப்பாய்களின் வசவும், சந்தைக்கு வேண்டிய நாலு சொல்லும்தான்.) பெண்ணின் தாய் காசியம்மாள் அந்த வேலைக்காகவே சம்மதித்தார். வேலை போனால் கல்யாணமும் போகும்.

அப்போது கோட்டைக்குப் புதிதாக வந்த ஒல்லாந்துத் துரைக்குச் செடிப் பைத்தியம். தோணிரேவுக்கு எதிரே ஏரித் திட்டில், தண்ணீர் ஏறி இறங்கும் உப்புச் சேற்றில், இடுப்பளவுப் புதர் ஒன்று வளரும். தடித்த இலை, மிளகளவு வெள்ளைப் பூ. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது. துரை அதில் ஒன்றைப் பெயர்த்து, கோட்டை முற்றத்தில் பீங்கான் தொட்டியில் வைத்து, நல்ல கிணற்றுத் தண்ணீராகப் பார்த்து ஊற்றினார். அது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. காரணம் கேட்க என்னை அழைத்துக்கொண்டு தோணிரேவுக்கே வந்தார்.

காசியம்மாள் வலையை உதறியபடி சொன்னார்: "அத்த மட்டும் தனியா பேத்துனு போனா வாடாம இன்னா பண்ணும்? அதுக்கு அதோட ஊரு வோணும்னு சொல்லு மாப்ளே."

சேறு, ஏறி இறங்கும் ஓதம் இதற்கெல்லாம் எனக்கு ஒல்லாந்தில் சொல் தெரியாது. 'ஊர்' தெரியும். கம்பீரமாகச் சொன்னேன். துரை யோசித்துத் தலையாட்டினார்.

மறுநாள் காலை சிப்பாய்கள் படகுகளோடு வந்து தோணிரேவை ஏற்றினார்கள். ஆள், ஆடு, வலை, உலைப்பானை சகிதம். கோட்டை முற்றத்தில் தொட்டியைச் சுற்றி ஊரை உட்கார வைத்தார்கள். துரை குனிந்து இலையைப் பார்த்தார். தேறவில்லை. இன்னும் நெருங்கி உட்காரச் சொன்னார். நெருங்கினார்கள். ஓர் ஆடு மேல்கிளையைத் தின்றது. (அன்று அந்தச் செடியால் பயனடைந்தது அது ஒன்றுதான்.)

யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று துரை கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

காசியம்மாள் என்னைப் பார்த்தார். "மாப்ளே, அந்தாளுகிட்ட இன்னா சொன்ன நீ?"

"நீங்க சொன்னதத்தான் அத்தே. ஊரு வோணும்னு."

காசியம்மாள் எழுந்து தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஊரு இங்க வரக்கூடாது. இதுதான் ஊருக்குப் போவணும்" என்று படகுத்துறைக்கு நடந்தார். பின்னால் ஊர், ஆடுகள், கடைசியில் தன் தொட்டிக்காகத் துரை.

திட்டுச் சேற்றில் திரும்ப நட்ட செடி பிழைத்துக்கொண்டது. என் வேலை அன்றே போயிற்று. கல்யாணம் போகவில்லை. "இவன வெளிய வுட்டா இன்னொரு ஊரக் கெளப்பிடுவான். வூட்டோட கெடக்கட்டும்" என்றார் காசியம்மாள். வீட்டோடு மாப்பிள்ளையானேன்.

இன்றும் நான் ஒருவேளை சோறு வேண்டாமென்று படுத்தால், என் மனைவி தெருவில் நின்று குரல் கொடுப்பாள்: "ஆளு வாடிட்டாரு, எல்லாரும் வாங்க."

வந்துவிடுகிறார்கள். கட்டிலைச் சுற்றி நெருங்கி உட்காருகிறார்கள். வெட்கத்திலேயே எழுந்து சாப்பிட்டுவிடுகிறேன்.