ஜெயப்ரியா படிக்கிறாள்

தறி நின்றதும் ஜெயப்ரியாவின் படிப்பும் நின்றது.

எல்லாம் அவள் படிக்கிற ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தால் வந்த வினை. மாணவர் மனநலம் பற்றிப் பேசிய ஒரு அம்மையார், படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் அமைதி வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிப் போய்விட்டார். அதைக் கேட்ட ஜெயப்ரியாவின் அப்பா குமரகுரு அன்றே நெசவை நிறுத்தினார்.

ஜெயப்ரியா தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். தறியின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி என்றுதான் மனப்பாடம் செய்வாள். கம்பெனிச் சட்டத்தில் ஏற்கெனவே அரியர். இந்த முறையும் போனால், சென்னையில் கிடைத்திருக்கிற வேலையும் போய்விடும்.

நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு முருகேசனின் தறி சுவர் வழியே கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அரைப் பாடம் முடித்தாள். அம்மா ரேணுகாம்பாள் போய் அதையும் நிறுத்திவிட்டு வந்தாள்.

"சத்தம் இல்லாம எனக்கு ஏறலமா."

"பாவம், மன அழுத்தத்துல ஒளறுது" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமரகுரு தெருவில் இறங்கி விஷயத்தைச் சொன்னார். மாலைக்குள் தெரு முழுக்கத் தறிகள் அடங்கிவிட்டன.

ஜெயப்ரியா பக்கத்து ஊரான ஐயம்பேட்டைக்கு ஓடினாள். அங்கே தோழி கமலவேணி வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தாள். "பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு" என்று கமலவேணியின் அப்பா மரியாதையாகத் தறியை விட்டு எழுந்து, டீ வாங்கி வரப் போய்விட்டார்.

தெருவுக்கே சேலை ஆர்டர் கொடுக்கிற முதலாளி ஒருநாள் கோபமாக வந்தார். முகூர்த்தச் சேலை இன்னும் முடியவில்லை. புத்தகமும் கையுமாக நின்ற ஜெயப்ரியாவைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. அவர் மகன் பள்ளிக்கூடத்தையே தாண்டாதவன். "நல்லா படிம்மா, சேலை கெடக்குது" என்று சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

பகலெல்லாம் வீட்டுக்கு வீடு குறட்டை. குமரகுருவுக்குக் கன்னம்கூடக் கொஞ்சம் பூரித்திருந்தது. ஜெயப்ரியாவுக்கு மட்டும் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

பரீட்சைக்கு முதல் நாள் அழாத குறையாக முருகேசன் வீட்டுக்குப் போனாள். அவர் பாயில் படுத்திருந்தார்.

"சித்தப்பா, கொஞ்ச நேரம் நெய்யுங்க. தறி சத்தம் கேட்டாதான் எனக்குப் பாடம் மண்டைல ஏறும்."

முருகேசன் வாசலில் முதலாளி நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும்மா, உங்கப்பா மொதல்லயே சொல்லிட்டாரு. ஆனா நீ படிச்சிக்கினு இருந்தாதான் முதலாளி எங்கள படுக்க வுடறாரு. நீ வேற பாஸாயி கீஸாயி வெச்சிடாத."